ஆய்வுத்துறையில் பணியாற்றும் தாய்மாருக்கான தோழமைக் குழு: சிங்கப்பூரில் தொடங்கி நடத்துவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வகத்திலும் பல்கலைக்கழகத்திலும் பணிபுரியும் தமிழ்த் தாய்மார் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளவும், தலைமைப் பொறுப்புகளுக்குத் தங்களை ஆயத்தப்படுத்திக்கொள்ளவும் ஒரு சிறு குழுவை எப்படி அமைப்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறேன். இத்தகைய குழுக்களை ஒருங்கிணைத்தும், புதிதாகத் தொடங்கியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்தும் அறிந்தவை இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களைப்பைப் பற்றிப் பேசுவதற்காக மட்டும் கூடும் குழு சில மாதங்களில் கலைந்துவிடுகிறது. தலைமைத்துவம் குறித்த உரைகளைக் கேட்பதற்காக மட்டும் கூடும் குழுவுக்கு ஆள் வருவது குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது ஒருவர் எடுக்க வேண்டிய உண்மையான ஒரு முடிவை நடுவில் வைத்துப் பேசும் குழுவே நிலைக்கிறது. கீழே உள்ள படிகள் யாவும் அந்த அடிப்படையில் அமைந்தவை. வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. அழைப்பு அனுப்பும் முன் வேண்டியவை

முதலில் இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் வேண்டும். இருவரும் வெவ்வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல், நடுவழியில் நிறுத்த முடியாத சோதனை, ஆய்வு மானிய (ஆய்வுக்கான நிதியுதவி) விண்ணப்பத்தின் இறுதி நாள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எந்த வாரமும் ஒருவரை இழுத்துக்கொள்ளும். ஒருவரை மட்டும் நம்பித் தொடங்கிய குழுவில் அவர் வராத முதல் சந்திப்பு ரத்தாகும், அடுத்ததும் தள்ளிப்போகும்.

இரண்டாவதாக, குழு எதற்காக என்பதை நான்கைந்து வரிகளில் எழுதி வையுங்கள். யார் சேரலாம், எவ்வளவு காலம், எதைச் செய்யும், எதைச் செய்யாது ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். “எதைச் செய்யாது” என்பதை எழுதுவதில்தான் பலரும் தயங்குகிறார்கள். வேலை தேடித் தரும் இடமாகவோ, மேலாளர்மீது முறையீடு செய்யும் இடமாகவோ குழுவை நினைத்து வருபவர்கள் ஏமாற்றத்தோடு விலகுவதைவிட, வருமுன்பே தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது.

2. உறுப்பினர்களைச் சேர்த்தல்

எட்டுப் பேர் போதும். அந்த எண்ணிக்கைக்குக் காரணம் அடுத்த பகுதியில் வரும் கால அட்டவணை.

மேலாளரும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றுபவரும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. சிங்கப்பூரின் ஆய்வுலகம் சிறியது. பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் உள்ள ஏ*ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் ஆய்வகங்கள், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி என்று எங்கே இருந்தாலும் இன்று உங்கள் எதிரில் அமர்ந்திருப்பவர் நாளை உங்கள் விண்ணப்பத்தை மதிப்பிடும் குழுவில் இருக்கக்கூடும். ஆகவே ஒரே ஆய்வகத்திலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம். அருகருகே போட்டியிடும் ஆய்வகங்களிலிருந்து இருவரைச் சேர்க்குமுன் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

பணிநிலையைக் கலந்து வையுங்கள்: முனைவர் பட்ட மாணவி, போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பின் ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவர்), ஆய்வகத் தொழில்நுட்பர், மூத்த விஞ்ஞானி, சொந்தக் குழுவை நடத்தும் முதன்மை ஆய்வாளர். குடியுரிமை உள்ளவர்களும் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவர்களும் சேர்ந்திருப்பதும் அவசியம். ஆனால் இவர்களுக்குச் சட்டப்படி கிடைப்பவை வேறுபடுவதால், “எனக்குக் கிடைத்தது, உங்களுக்கும் கிடைக்கும்” என்று யாரும் சொல்லிவிடாதபடி ஒருங்கிணைப்பாளர் கவனமாக இருக்க வேண்டும். ஏழாம் பகுதியில் இதை விரிவாகச் சொல்கிறேன்.

குழந்தை பிறந்தவர்களை மட்டும் சேர்ப்பது பரவலான தவறு. கருவுற்றிருப்பவர்களையும் அழையுங்கள். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019-இல் பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முழுநேரப் பணியில் இருந்த பெண்களில் 43 விழுக்காட்டினர் முதல் குழந்தைக்குப் பின் அந்த முழுநேரப் பணியை விட்டார்கள் என்றும், ஆண்களில் இது 23 விழுக்காடு என்றும் காட்டியது. விலகும் முடிவு பெரும்பாலும் விடுப்பு முடியும் நாளில் பிறப்பதில்லை; பிரசவத்துக்கு முன்பே செய்யாமல் விட்ட ஏற்பாடுகளில் அது தொடங்கிவிடுகிறது என்பதே நான் பார்த்தது.

3. நாளும் இடமும்

பள்ளித் தவணையை வைத்துத் திட்டமிடுங்கள். இங்கே ஆண்டுக்கு நான்கு தவணைகள்; ஒவ்வொன்றும் பத்து வாரம். ஒரு தவணையின் இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் வாரங்களில் கூடினால் நான்கு சந்திப்புகள் அமையும். சந்திப்புக்கு இரண்டு பேரின் விவகாரத்தை எடுத்துக்கொண்டால் எட்டுப் பேருக்கும் தவணைக்கு ஒரு முறை கிடைக்கும். தன் முறை எப்போது என்று தெரிந்த உறுப்பினர் விட்டுப்போவதில்லை.

ஜூன் விடுமுறையிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் சந்திப்பு வைக்காதீர்கள். பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். தொடக்கநிலை ஆறில் பிள்ளை இருக்கும் தாய்மாரின் முறையை மூன்றாம் தவணையின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். ஆகஸ்ட்டில் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் இறுதியில் எழுத்துத் தேர்வு என்று வந்துவிட்டால் அவர்களால் வேறெதிலும் மனம் செலுத்த முடியாது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாலை நேரம் ஒத்துவராது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாக இரவு 7 மணிக்கு மூடிவிடும்; ஆறு மணியிலிருந்தே எல்லாரின் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். பகல் 12 மணி முதல் 1.30 வரை, உணவோடு சேர்த்து வைப்பதே நடைமுறைக்கு உகந்தது. இடத்துக்கு புவன விஸ்தா வசதியானது. கிழக்கு மேற்கு ரயில் பாதையும் வட்டப்பாதையும் அங்கே சந்திக்கின்றன, பயோபொலிஸ் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜிலிருந்து இரண்டே நிறுத்தம். நன்யாங் வளாகத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டும் இது தொலைவு. அவர்களுக்காகத் தவணைக்கு ஒரு சந்திப்பை எல்லாருக்கும் இணையவழியில் வையுங்கள். பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் திரையிலும் இருக்கும் சந்திப்பைத் தவிருங்கள். திரையில் இருப்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

4. முதல் சந்திப்பு

விவகாரங்களைப் பேசும் அந்த நான்கு சந்திப்புகளுக்கு முன் வரும் இந்த முதல் சந்திப்பில் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லச் சொல்லாதீர்கள். யாரோ ஒருவர் மிகுந்த வலியோடு நெடுநேரம் பேசுவார், மற்றவர்கள் அழுவார்கள், அடுத்த முறை அவரே வராமல் போய்விடுவார், அதிகமாகச் சொல்லிவிட்டோமே என்ற கூச்சத்தில். நம்பிக்கை ஏற்படுமுன் மனத்தைத் திறக்க வைப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

அதற்குப் பதில் மூன்றே வேலைகள். ஒவ்வொருவரும் தம் பெயர், பணி, பிள்ளைகளின் வயது ஆகியவற்றை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அடுத்து, இரகசியம் காக்கும் விதிகளைச் சேர்ந்து எழுத வேண்டும்: இங்கே கேட்டதை வீட்டில்கூடச் சொல்வதில்லை, மூன்றாம் மனிதரின் பெயரைச் சொல்வதில்லை, “என் மேலாளர்”, “இன்னொரு போஸ்ட்டாக்” என்றே குறிப்பிடுவது, வெளிவராத ஆய்வு முடிவுகளைப் பகிர்வதில்லை. இந்தக் கடைசி விதி பலருக்கும் தோன்றாது. ஒருமுறை அந்தக் கவலை எழுந்துவிட்டால் அதன் பிறகு எவரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

மூன்றாவதாக, அடுத்த ஆறு மாதத்துக்குள் தாம் எடுத்தாக வேண்டிய ஒரு முடிவை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். “வேலையையும் வீட்டையும் சமாளிப்பது எப்படி” என்று எழுதினால் திருப்பிக் கொடுத்து, இன்னும் குறுக்கச் சொல்லுங்கள். “ஒப்பந்தம் முடியுமுன் சொந்த மானியத்துக்கு விண்ணப்பிப்பதா, இன்னும் ஓராண்டு நீட்டிப்புக் கேட்பதா” என்பதே குழு கையாளக்கூடிய வடிவம்.

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளலாம். நாள், இடம் அறிவிக்க மட்டும். பிரச்சினைகளை அதில் பேச ஆரம்பித்தால் நேரில் பேச எதுவும் மிஞ்சாது; எழுதியது எங்கே போகும் என்பதும் நம் கையில் இல்லை.

5. ஒவ்வொரு சந்திப்பையும் நடத்தும் முறை

குழுவின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 90 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள்: முதல் 10 நிமிடம், கடந்த முறை பேசியவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்ல; பிறகு இரண்டு விவகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம்; கடைசி 10 நிமிடம், அடுத்த முறை யார் என்பதை உறுதிசெய்ய.

அந்த 35 நிமிடத்துக்குள் நான்கு கட்டங்கள் உண்டு. முதல் 5 நிமிடம் அன்றைய முறைக்குரியவர் தம் விவகாரத்தைச் சொல்வார். அடுத்த 12 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம். அடுத்த 12 நிமிடம் மற்றவர்கள் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். அவர் குறுக்கிடாமல் கேட்டுக் குறிப்பெடுப்பார். கடைசி 6 நிமிடம் தாம் என்ன செய்யப் போகிறார், எந்தத் தேதிக்குள் என்று அவர் சொல்வார்.

கேள்விக்கட்டத்தை ஏன் இவ்வளவு நீட்டுகிறோம் என்று ஒவ்வொரு புதிய குழுவும் கேட்கிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: விடுப்பில் இருக்கும் ஒரு போஸ்ட்டாக், தாம் தொடங்கிய கட்டுரையில் முதல் ஆசிரியர் இடத்தை (அதிகம் பங்களித்தவரின் பெயர் வரும் இடம்) இன்னொருவரோடு பகிரும்படி மேலாளர் கேட்கிறார் என்கிறார். உடனே அறிவுரை வழங்கினால் பாதிப் பேர் “விட்டுக்கொடுக்காதீர்கள்” என்பார்கள், பாதிப் பேர் “மேலாளரைப் பகைக்காதீர்கள்” என்பார்கள். கேள்வி கேட்டால் வேறு செய்திகள் வெளிவரும். மீதமுள்ள சோதனைகள் எத்தனை? அவற்றைச் செய்யப்போவது யார்? பங்களிப்பு குறித்துத் தொடக்கத்தில் எழுத்தில் ஏதாவது உண்டா? இந்தக் கட்டுரை எந்த விண்ணப்பத்துக்கு எந்தத் தேதிக்குள் தேவை? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தமக்கு உண்மையில் வேண்டியது கட்டுரை விரைவில் வெளிவருவதா அல்லது தனி முதல் ஆசிரியர் இடமா என்பது அவருக்கே தெளிவாகிவிடும். அந்தத் தெளிவை அறிவுரையால் கொடுக்க முடியாது.

நம்மிடையே ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழுவில் வயதில் மூத்தவரை எல்லாரும் அக்கா என்றே அழைப்போம். அக்கா பேசிய பிறகு இளையவர்கள் மாற்றிப் பேச மாட்டார்கள். ஆகவே அனுபவம் சொல்லும் கட்டத்தில் இளையவரிலிருந்து தொடங்கி மூத்தவரில் முடிக்கும் வரிசையை வையுங்கள். மூத்தவர்களிடம் இதன் காரணத்தை முன்பே தனியாகச் சொல்லிவிட்டால் அவர்களே மகிழ்ச்சியோடு காப்பாற்றுவார்கள்.

இங்கே நிகழும் பிழைகளுள் அதிகம் கெடுப்பது, கேள்வி வேடத்தில் வரும் அறிவுரை. “நீங்கள் ஏன் மனிதவளப் பிரிவிடம் பேசக் கூடாது?” என்பது கேள்வி ஆகாது. “இதுவரை யாரிடம் பேசியிருக்கிறீர்கள்?” என்பதே கேள்வி. சந்திப்பை நடத்தும் நெறியாளர் மென்மையாக நிறுத்தி, மாற்றிக் கேட்கச் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லி விவகாரத்தை மூடிவிடுவது இன்னொரு பிழை. “எல்லாருக்கும் இப்படித்தான், சரியாகிவிடும்” என்ற சொல் அன்பிலிருந்து வருகிறது. ஆனால் அதைக் கேட்டவர் முடிவெடுக்காமலே எழுந்துபோவார்.

நெறியாளர் பொறுப்பைச் சுழற்சியில் கொடுங்கள், மூன்றாம் சந்திப்பிலிருந்து. முனைவர் பட்ட மாணவி ஒரு முதன்மை ஆய்வாளரை நேரம் முடிந்தது என்று சொல்லி நிறுத்தக் கற்றுக்கொள்வதைவிடச் சிறந்த தலைமைப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

6. தவணைக்கு ஒரு திறன்

சந்திப்பு முறை பழகிய பின், இரண்டாம் தவணையிலிருந்து, தவணைக்கு ஒரே ஒரு திறனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தவணையிலேயே தொடங்கினால் அது வகுப்பாகிவிடும். எட்டு விவகாரங்களையும் கேட்ட பிறகுதான் இந்தக் குழுவுக்கு எது தேவை என்பதும் தெரியும்.

முதலில், கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்ற ஆசிரியர் வரிசைப் பேச்சைப் பயிலுங்கள். கட்டுரையில் யார் என்ன செய்தார் என்பதைக் குறிக்க ஆய்விதழ்கள் பல பயன்படுத்தும் கிரெடிட் (CRediT) வகைப்பாட்டில் பங்களிப்புகள் 14 வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. விடுப்பில் போகுமுன் அந்தப் பட்டியலை எடுத்து, எந்த வகையில் தமது பங்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நிரப்பி மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைக்கலாம். விடுப்புக்குப் பின் நினைவை வைத்து வாதிடுவதைவிட முன்பே எழுதிய ஒரு பக்கம் வலுவானது.

அடுத்து, மகப்பேற்றால் பணியில் விழுந்த இடைவெளியை மானிய விண்ணப்பத்தில் எழுதும் முறை. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்கநிலை மானியத்தில் தாய்மாருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் தகுதிக்காலத்தை நீட்டிக்கும் வழக்கம் இருந்துவருகிறது. ஒவ்வொரு மானியத்துக்கும் விதி வேறு; அதனால் அறிவிப்பை முழுதும் படித்து, அதில் ஒன்றும் சொல்லப்படாவிட்டால் நிறுவனத்தின் மானிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமலே “எனக்குத் தகுதி போய்விட்டது” என்று இருந்துவிடும் தாய்மார் ஏராளம். விண்ணப்பத்தில் இடைவெளியை ஒரே வரியில், தேதிகளோடு, மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல் எழுதப் பழகுங்கள். குழுவில் ஒருவர் எழுதியதை மற்றவர் உரக்கப் படித்தால் தொனி உடனே காதில் விழும்.

வேலையைப் பிரித்துக்கொடுப்பது மூன்றாவது. வாரயிறுதியில் உயிரணு வளர்ப்புக்கு ஊட்டத் திரவம் மாற்றவும், எலிக் கூண்டுகளைப் பார்க்கவும் தாமே வந்துகொண்டிருப்பவர்கள், அதை எவரும் தம்மைப்போல் செய்ய மாட்டார்கள் என்பார்கள். செய்முறையை எழுதி, ஒருமுறை உடனிருந்து செய்யவைத்து, இரண்டாம் முறை தனியே விட்டுப் பார்க்கும் மூன்று படிகளைக் குழுவில் திட்டமிட்டுப் போய்ச் செய்து வரச் சொல்லுங்கள். சொந்தக் குழு நடத்தும் நிலைக்கு நெருங்கியவர்கள் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போ நடத்தும் ஆய்வகத் தலைமைப் பயிற்சி போன்ற வெளிப் பயிற்சிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

7. விடுப்புக்கு முன்னும் பின்னும்

கருவுற்ற உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவருடைய விவகாரத்தை முதலில் எடுங்கள், தேதிகள் காத்திருக்காது. வரிசை முக்கியம்: முதலில் பாதுகாப்பு, பிறகு விடுப்பு, பிறகு ஒப்பந்தம், கடைசியாகத் திரும்பும் ஏற்பாடு.

ஃபார்மலின், மயக்க வாயுக்கள், கதிரியக்கப் பொருள்கள், புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றோடு வேலை செய்பவர், வெளியே அறிவிக்கத் தயங்கினாலும், பாதுகாப்பு அதிகாரியிடம் மட்டும் உடனே சொல்லி இடர் மதிப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம்வரை பொறுத்திருப்பது வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். ஆய்வகத்துக்கு அது பொருந்தாது.

குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்து, பிரசவத்துக்கு முன் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து அதே நிறுவனத்தில் பணியாற்றியிருந்தால் 16 வாரச் சம்பளத்துடன்கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு. குழந்தைக்குக் குடியுரிமை இல்லாவிட்டால், வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வருபவருக்கு 12 வாரம். அதில் பொதுவாக 8 வாரத்துக்கே முதலாளி சம்பளம் தர வேண்டும். குடியுரிமைக் குழந்தைகளின் தந்தையருக்கு 4 வாரம் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குடியுரிமைக் குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம். கணவர் தம் பங்கை முழுமையாக எடுக்கிறாரா என்று குழு வெளிப்படையாகவே கேட்கலாம். ஊரிலிருந்து அம்மா வருகிறார் என்பதால் அவர் எடுக்காமல் விட்டால், அம்மா திரும்பிப் போகும் நாளில் எல்லாம் தாயின் தலையில் விழும்.

மானியப் பணத்தில் நியமிக்கப்பட்ட போஸ்ட்டாக், ஒப்பந்தம் முடியும் தேதியை விடுப்பின் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விடுப்பில் போன காலம் தானாகவே ஒப்பந்தத்தில் கூட்டப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. நீட்டிப்பு வேண்டுமென்றால் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்.

திரும்பும் ஏற்பாட்டுக்கு 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகள் உதவும். தகுதிகாண் பருவம் முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்டால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் தர வேண்டும். இந்த இரண்டு மாதத்தை மறந்து, திரும்பும் வாரத்தில் கேட்பதுதான் வழக்கமான தவறு. 16 வார விடுப்பில் பாதி கடக்குமுன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து வேலை என்று மட்டும் கேட்டால் ஆய்வகப் பணியாளருக்கு அது பொருந்தாது என்ற பதில் எளிதில் வரும். தரவுப் பகுப்பாய்வுக்கும் எழுத்துக்கும் எந்த நாள், சோதனைக்கு எந்த நேரம் என்று பிரித்து, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் குறித்துக் கேட்டால் ஏற்கப்படும் வாய்ப்பு கூடும்.

8. நிறுவனத்திடம் கேட்பது

இரண்டு தவணை முடியும்வரை நிறுவனத்திடம் எதுவும் கேட்காதீர்கள். அதற்குள் ஒரே குறை பலருடைய விவகாரங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதைத்தான் கேட்க வேண்டும். ஒரே ஒரு கோரிக்கை, முடிவெடுக்க அதிகாரமுள்ள ஒருவரிடம், ஒரு பக்கத்தில்: மாலை 5 மணிக்குப் பின் துறைக் கூட்டம் வேண்டாம், ஆய்வகத்துக்கு அருகே பால் எடுக்க ஓர் அறை வேண்டும், விடுப்பில் இருப்பவரின் சோதனைகளைத் தொடர ஒரு தொழில்நுட்பரின் நேரம் வேண்டும் என்பவை போல. யாருடைய கதையையும் சான்றாகக் கொண்டுபோகாதீர்கள். பெயரை மறைத்தாலும் இங்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

9. குழுவால் தாங்க முடியாதது

தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்து, குழந்தையிடம் ஒட்டுதலே இல்லை என்றோ, இருந்தென்ன என்றோ ஓர் உறுப்பினர் சொன்னால் சந்திப்பு முறையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேள்விக்கட்டம் அதற்கு உரியதல்ல. ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர் அவரோடு தனியே அமர்ந்து, மருத்துவரிடம் அன்றே நேரம் பெற உதவ வேண்டும். தேசிய மனநல உதவி எண் 1771, உயிராபத்து என்று தோன்றினால் தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 ஆகிய இரண்டும் எல்லா உறுப்பினரின் கைப்பேசியிலும் முதல் சந்திப்பிலேயே பதிவாகியிருக்கட்டும்.

10. நான்கு தவணைக்குப் பின்

ஆண்டு முடிந்ததும் குழுவை முறையாக முடித்துவிடுங்கள். தொடர விரும்புபவர்கள் மீண்டும் சேரட்டும். முடிவில்லாத குழுவிலிருந்து விலகுவது கூச்சமாகிவிடும், அதனால் பலர் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். கடைசிச் சந்திப்பில் ஒவ்வொருவரும் முதல் நாள் எழுதித் தந்த தாளைத் திரும்பக் கொடுத்து, அந்த முடிவு எடுக்கப்பட்டதா என்று மட்டும் கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கான இரு ஒருங்கிணைப்பாளர்களை அன்றே தேர்ந்து, விதிகள், கால அட்டவணை, அறை முன்பதிவு செய்யும் முறை ஆகியவற்றை எழுத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பழைய ஒருங்கிணைப்பாளர்கள் ஒரு தவணை மட்டும் உடனிருந்து உதவலாம்.